இரண்டு மறுப்புகள்: நார்வேயின் மின் கார் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சில மாதங்களுக்கு முன் சுற்றுச்சூழல் பற்றிய ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மின் வண்டிகளை நாடு முழுக்கப் பரப்புவது எப்படி என்று பேச்சு. பேசியவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள்: "நார்வேயைப் பாருங்க." 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் 100க்கு 89 மின் கார்கள். இந்த எண்ணைச் சொன்னதும் விவாதம் முடிந்துபோயிற்று. எண்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. தாம் வந்த வழியை அவை சொல்வதில்லை.

நான் தமிழ் படித்தவன். பஸ்ஸில் போகிறவன். மோட்டார் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் ஒரு பிரதி எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் கேட்கப் பழகியவன். நார்வே என்கிற வெற்றிக் கதையை அந்தப் பழக்கத்தோடு வாசித்துப் பார்த்ததில் தோன்றியவைதான் இக்குறிப்புகள்.

2

அந்தக் கதை ஒரு மறுப்பில் தொடங்குகிறது. 1989இல் 'ஆ-ஹா' இசைக்குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்கெட்டும், 'பெல்லோனா' என்னும் சுற்றுச்சூழல் அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் ஹௌகேவும் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றிய ஃபியட் பாண்டா கார் ஒன்றை நார்வேக்குக் கொண்டுவந்தார்கள். சுங்கச் சாவடி வழியே ஓட்டிப் போனார்கள். கட்டணம் கேட்டால், புகை விடாத வண்டிக்குக் கட்ட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அபராதம் விழுந்தது. அதையும் கட்டவில்லை. கார் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது. அவர்களே அதை ஏலத்தில் எடுத்தார்கள். திரும்பவும் சாவடி, திரும்பவும் மறுப்பு.

இதற்குப் பிறகு நடந்ததை ஆண்டு வரிசையில் பார்க்கலாம். 1990இல் மின் கார்களுக்கு வாங்கும்போது கட்டும் வரி நீங்கியது. 1996இல் ஆண்டு வரி குறைந்தது. 1997இல் சுங்கக் கட்டணம் போயிற்று. 1999இல் நகராட்சி நிறுத்துமிடங்கள் இலவசம். 2001இல் மதிப்புக்கூட்டு வரி விலக்கு. 2005இல் பஸ்ஸுக்கான தனித் தடத்தில் ஓட்ட அனுமதி. 2009இல் படகுத் துறைகளில் வண்டிக்குக் கட்டணமில்லை. 2025க்குள் விற்கும் புதிய கார் எல்லாமே புகை விடாததாக இருக்க வேண்டும் என்று 2017இல் நாடாளுமன்றம் இலக்கு வைத்தது.

சாவடியில் சொன்ன 'மாட்டேன்' எட்டே வருஷத்தில் அரசின் சட்டமாகிவிட்டது. எதிர்ப்பு அதிகாரத்தின் மொழிக்குள் இவ்வளவு சுளுவாகப் பெயர்க்கப்பட்ட வேறு உதாரணம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

3

'ஊக்குவிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசு கையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நார்வேயில் நடந்தது வேறு. அங்கே பெட்ரோல் கார் மீது ஏற்கெனவே மலை மாதிரி வரி. வண்டியின் எடைக்கு வரி, எஞ்சின் வலுவுக்கு வரி, 2007 முதல் அது விடும் கரியமில வாயுவுக்கும் வரி. இவற்றுக்கு மேல் நூற்றுக்கு 25 என்ற அளவில் மதிப்புக்கூட்டு வரி. இந்தச் சுமையை மின் காரின் தலையில் ஏற்றாமல் விட்டதுதான் சலுகை. பெரிய கார்த் தொழில் சொந்தமாக இல்லாத நாடு. எனவே அந்த வரியை எதிர்த்து நிற்க வலுவான உள்ளூர் முதலாளிகளும் இல்லை. 1991இல் தொடங்கி, பிறகு 'திங்க்' என்ற பெயரில் சின்ன மின் கார் செய்த உள்ளூர்க் கம்பெனியும் ஃபோர்டு கைக்குப் போய், கைமாறி, 2011இல் திவாலானது.

அந்த 20 வருஷமும் மின் கார் விற்பனை சொற்பம்தான். 2011இல் நிசான் லீஃப் வந்தது. 2013இல் டெஸ்லா மாடல் எஸ் வந்தது. அதன் பிறகுதான் கணக்கு ஏறுகிறது. வாங்குவதற்கு ஒழுங்கான கார் வரும்வரை சட்டம் மாறாமல் காத்திருந்தது. இது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்பதை மறுக்கவில்லை.

சரி, யாருக்குச் சலுகை? கார் வாங்க முடிந்தவனுக்கு. விலை கூடக் கூட விலக்கின் தொகையும் கூடியது. பஸ் தடத்தில் மின் கார்கள் நிறைந்து, பஸ்ஸில் போகிறவர்கள் நெரிசலில் நின்றார்கள். தலைநகர் ஆஸ்லோவுக்குள் வரும் நெடுஞ்சாலையில், கூட்ட நேரத்தில் கூட ஒருவரையாவது ஏற்றிவந்தால்தான் தடம் என்று பிறகு கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. 2023இல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி திரும்பி வந்தது. கலகமாகத் தொடங்கியது மூன்று பத்தாண்டுகளில் வசதியுள்ளவர்களின் உரிமையாகிவிட்டதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

4

காரை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு வருவோம். நார்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர்மின்சாரம். 'சுத்தமான மின்சாரத்தில் ஓடும் சுத்தமான கார்' என்ற கதையாடலுக்கு அடித்தளம் இதுதான். இந்த நீருக்கும் ஒரு வரலாறு உண்டு.

நார்வேயின் வடகோடியில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் சாமி. (நம்ம சாமிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) துருவ மான் மேய்ப்பது அவர்களில் பலருடைய வாழ்க்கை. அங்குள்ள ஆல்டா ஆற்றில் அணை கட்ட அரசு திட்டமிட்டது. முதல் திட்டத்தில் மாசே என்ற சாமி கிராமமே மூழ்கியிருக்கும். எதிர்ப்பு வந்தது, கிராமம் தப்பியது, திட்டம் சுருங்கியது. ஆனால் கைவிடப்படவில்லை. 1979இல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே தங்கள் மரபுக் கூடாரத்தை அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், கட்டுமான இடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை அகற்ற சுமார் 600 போலீஸ் போயிற்று. 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1987இல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

இந்த ஆண்டுகளைச் சற்று நின்று கவனிக்கலாம். 1981 பிப்ரவரியில் சாமிப் பெண்கள் சிலர் பிரதமர் அலுவலகத்துக்குள் போய், நகர மறுத்து உட்கார்ந்தார்கள். போலீஸ் அவர்களை வெளியேற்றியது. அப்போது பிரதமர் பதவிக்குப் புதிதாக வந்திருந்தவர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட். 'நீடித்த வளர்ச்சி' என்ற தொடரை உலகம் முழுக்கப் பரப்பிய அய்.நா. குழு அறிக்கையைத் தலைமையேற்றுத் தந்தவரும் அவரே. அந்த அறிக்கை வந்த ஆண்டு 1987. ஆல்டா மின்நிலையம் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டு.

ஆல்டா வெறும் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் சாமிகளுக்கென்று தனிப் பேரவை வந்தது. அது கூடியது 1989இல். ஃபியட் பாண்டா நார்வேக்கு வந்த வருஷம். ஆனால் ஆறு திரும்பக் கிடைக்கவில்லை.

முடிந்துபோன கதை என்று விடவும் முடியாது. ஃபூசன் தீபகற்பத்தில் சாமிகளின் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் நிறுத்தினார்கள். அதற்கான உரிமம் அம்மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, செல்லாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. 500 நாள் கழித்து, 2023இல், சாமி இளைஞர்கள் எரிசக்தி அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். அவர்களையும் போலீஸ் தூக்கி அப்புறப்படுத்தியது. பிறகுதான் மேய்ப்பர் குழுக்களோடு உடன்பாடுகள் வந்தன.

ஆல்டாவோ ஃபூசனோ மின் காருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் சுத்தம் என்று காருக்குக் கொடுத்த நற்சான்றில் இந்த இடங்களின் பெயர் இல்லை என்பது மெய்.

5

பெட்ரோலின் கதை இன்னும் வேடிக்கை. 1969இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் வயல் கண்டுபிடிக்கப்பட்டது முதல் நார்வே எண்ணெய் நாடு. அந்த வருமானத்தைச் சேர்த்துவைக்கும் அரசு நிதிக்கு 1990இல் சட்டம் வந்தது. மின் காருக்கு முதல் வரி விலக்கு கொடுத்த அதே ஆண்டு. 2017இல் அந்த நிதி 1 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. உள்ளூரில் எரிக்காத எண்ணெயும் எரிவாயுவும் வெளியூருக்கு விலைக்குப் போகின்றன. கார் வரியில் வரும் வருமானத்தை இத்தனை வருஷம் விட்டுக்கொடுக்கிற தெம்பு ஒரு அரசுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதிலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

6

நான் மின் காருக்கு எதிரி அல்ல. பெட்ரோல் புகையை யார் அதிகம் சுவாசிக்கிறார்கள் என்பது பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனுக்குத் தெரியும். என் கேள்வி வேறு. ஒரு மறுப்பு சட்டமாகிறது. இன்னொரு மறுப்பைப் போலீஸ் தூக்கிப்போகிறது. இரண்டும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டும் சுற்றுச்சூழல் பெயரில். முதல் மறுப்பு வண்டியை மட்டும் மாற்றச் சொன்னது. இரண்டாவது, ஆற்றை யார் கேட்டு எடுத்தாய் என்றது. அரசுகளுக்கு முதலாவது புரிகிறது.

இந்தியாவில் 2015இல் 'ஃபேம்' திட்டம் தொடங்கியது முதல் நம்மிடமும் மின் வண்டிக்கு மானியம், வரிக் குறைப்பு என்ற பேச்சு நடக்கிறது. நம்முடைய மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களில் ஆதிவாசி ஊர்கள் நிறைய. அந்த ஊர்க்காரர்களை இதுபோன்ற கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அன்றைய கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து "நார்வேயைப் பாருங்க" என்றால், பார்ப்போம். சுங்கச் சாவடியை மட்டுமல்ல, ஆல்டாவையும் சேர்த்துப் பார்ப்போம்.