சூடு காட்டும் கண்

ஈர நெல்லைக் குவித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க மாட்டார் தஞ்சாவூர் விவசாயி. அடிக்கடி குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே கதகதன்னு இருந்தால் போச்சு! உடனே கிளறிப் பரப்பணும். சேதம் கண்ணில் படுவதற்கு முன்பே சூடு காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, அதே வயலோரத்து டிரான்ஸ்ஃபார்மரில் சூடு பார்ப்பது எப்படி? 11 ஆயிரம் வோல்ட். கையை வைத்தால் ஆளே காலி!

இதற்கான விடை 1800-ல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, வெளிச்சமே இல்லாத இடத்தில்தான் சூடு அதிகம்! அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் அகப்பட்டது. 1840-ல் அவர் மகன் ஜான், அந்தச் சூட்டை ஒரு படமாகவே பதித்துக் காட்டினார்.

பிறகு ராணுவம் பிடித்துக்கொண்டது. இருட்டில் எதிரியைப் பார்க்கணுமே! 1965-ல்தான் ஸ்வீடனின் 'ஆகா' நிறுவனம், உயர் அழுத்த மின் கம்பிகளைச் சோதிக்க வெப்பக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் மின்வாரியத்துக்கு அது 'தெர்மோவிஷன்' என்ற பெயரில் பழக்கம்.

சூட்சுமம் எளிது. கம்பி இணைப்பு தளர்ந்தால், துருப்பிடித்தால், அங்கே மின்தடை கூடும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் கொதித்தால், பெரும்பாலும் ஜாயின்ட் கோளாறு. மூன்றும் சேர்ந்து கொதித்தால், ஓவர்லோடு. ஆனால் மோட்டார்கள் ஓடாத நேரத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் சமர்த்தாகத்தான் தெரியும். பளபளக்கும் புது அலுமினியமோ, சூட்டை மறைத்து ஏமாற்றும். பார்ப்பவருக்கு அனுபவம் வேணும்.

இதெல்லாம் டெல்டாவுக்கு எதற்கு என்கிறீர்களா? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. ஆறு வரவில்லை, குறுவை போர்செட்டை நம்பியது. அதற்காகவே 2012-ல் 12 மணி நேர மும்முனை மின்சாரம் அறிவித்தார்கள். கரன்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால், அந்தப் பாரம் முழுக்க விழுவது நாலைந்து போல்ட்டுகளின் மேல். ஒன்று தளர்ந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் பாதிக்கப்படலாம். மாற்று வரும்வரை நாற்று காத்திருக்குமா? கடன் வாங்கி நட்டவருக்கு வட்டிதான் காத்திருக்குமா?

பெரிய துணை மின் நிலையத்தில் கேமரா பார்த்தால் மட்டும் போதாது. கடைமடையின் கடைசிக் கம்பம் வரை அந்தக் கண் போகணும். இன்னொன்று... கேமரா ரிப்பேர் செய்யாது. குவியல் சூடாக இருக்கிறது என்று தெரிந்ததும் விவசாயி கிளறுகிறார் இல்லையா? அதேபோல, படத்தில் சிவந்து தெரிந்த போல்ட்டை, சப்ளையை நிறுத்தி, ஒருவர் ஸ்பேனரோடு ஏறி இறுக்கணும். படம் ஃபைலுக்குள் தூங்கினால், போல்ட் தன் வேலையைக் காட்டிவிடும்!