நம்முடைய அணி எது, பாதர்?



கடந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின்னர் மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் கைபேசியோடு என்னிடம் வந்தான். அதில் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியின் அட்டவணை இருந்தது. நாற்பத்தெட்டு நாடுகளின் கொடிகளையும் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டிவிட்டு, "இதில நம்முடைய அணி எது, பாதர்?" என்று கேட்டான். கனடா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்: "கனடா எல்லாருக்கும் உள்ளது. எங்கட எது?"

அவனுடைய தந்தை சிரித்துக்கொண்டே "பிரேசில்" என்றார். அருகில் நின்ற முதியவர் ஒருவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "எங்கட அணியெண்டால் ஊர்க் கழகம்தான். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு" என்றார். அவர் அந்தக் கழகத்துக்காக ஆடி நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஆடிய மைதானத்துக்கு அவர் திரும்பிச் செல்லவே இல்லை. ஆயினும் அன்று அவர் சொன்னதில் சந்தேகத்தின் சாயல்கூட இருக்கவில்லை.

சிறுவனுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இந்த நகரத்தில் நடந்த ஒரு பழைய கதையை உங்களுக்கு எழுதுகிறேன்.

வரும் ஜூன் மாதம் முதல் ரொறன்ரோவில் உலகக் கிண்ண ஆட்டங்கள் ஆறு நடைபெறவுள்ளன. அவற்றுள் ஒன்று ஜூன் 23ஆம் திகதி பனாமாவுக்கும் குரோசியாவுக்கும் இடையிலானது. குரோசியா என்ற பெயரை உதைபந்தாட்ட உலகம் 1998ஆம் ஆண்டில், அந்நாடு உலகக் கிண்ணத்தில் மூன்றாம் இடம் பெற்றபோதுதான் கவனித்தது என்று பலரும் எண்ணுவர். ரொறன்ரோவுக்கோ அது அதனினும் மிகப் பழைய பெயர்.

1976ஆம் ஆண்டில் உலக வரைபடத்தில் குரோசியா என்றொரு நாடு இல்லை. அது யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்தது. ஆனால் இந்த நகரத்தில் குரோசியர் இருந்தனர். போருக்குப் பின் அகதிகளாகவும் கூலித் தொழிலாளராகவும் வந்து சேர்ந்த கத்தோலிக்கர் அவர்கள். புளூர் வீதிக்கு அருகே அவர்களுடைய அன்னைமரியாள் ஆலயம் நிற்கும் சிறு தெரு இன்று குரோசியா வீதி என்றே அழைக்கப்படுகிறது. 1956இல் அவர்கள் 'ரொறன்ரோ குரோசியா' என்னும் உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினர். இத்தாலியர், போர்த்துக்கேயர், உக்ரேனியர், செர்பியர் என்று குடியேறிய ஒவ்வொரு இனத்தவருக்கும் ஒரு கழகம் இருந்த காலம் அது. ஞாயிறு காலை திருப்பலி, பிற்பகல் மைதானம். நம்மவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறைப் போட்டித் தொடரில் 'ரொறன்ரோ மெற்றோஸ்' என்ற அணி ஆடிவந்தது. அது பணநெருக்கடியில் தள்ளாடியபோது, 1975இல் குரோசியக் கழகத்தார் அதன் உரிமையில் பங்கு வாங்கினர். வாங்கியவர்கள் ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றனர்: அணியின் பெயரில் குரோசியா இருக்க வேண்டும். அவ்வாறே அது 'மெற்றோஸ் குரோசியா' ஆயிற்று. போட்டித் தொடரை நடத்தியவர்களுக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்கவில்லை. அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்கவேண்டிய விளையாட்டில் ஓர் இனத்தின் பெயர் எதற்கு என்பது அவர்கள் வாதம்.

அடுத்த ஆண்டே அந்த அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. 1976 ஓகஸ்ட் 28ஆம் திகதி, சியாற்றில் நகரில், மினசோட்டா கிக்ஸ் அணிக்கு எதிராக அவ்வாட்டம் நடைபெற்றது. ரொறன்ரோ அணியில் அன்று ஆடியவர்களுள் ஒருவர் யூசேபியோ. ஆம், 1966 உலகக் கிண்ணத்தில் ஒன்பது கோல்கள் அடித்த அதே மொசாம்பிக் மண்ணின் மைந்தர்தான். முப்பத்துநான்கு வயதில், சிதைந்த முழங்கால்களோடு அவர் இங்கு வந்து சேர்ந்திருந்தார். முதற் கோலை அவரே அடித்தார். ஆட்டம் மூன்றுக்குச் சுழியம் என்று முடிந்தது. ரொறன்ரோ வென்றது.

என்னை நெடுநேரம் சிந்திக்க வைப்பது வெற்றியன்று. அந்த ஆட்டத்தை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சியின் வர்ணனையாளர்கள் அணியின் பெயரை முழுமையாக உச்சரிக்க மறுத்துவிட்டனர். தொடக்கம் முதல் இறுதிவரை 'ரொறன்ரோ' என்று மட்டுமே சொன்னார்கள். குரோசியக் குடும்பங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்திருப்பார்கள் அல்லவா? தங்கள் அணி கிண்ணத்தை உயர்த்துவதைக் கண்டார்கள். தங்கள் பெயரை மட்டும் கேட்கவில்லை. குடிவரவு அலுவலகத்திலும் பாடசாலையிலும் நீங்கள் யார் என்று கேட்கப்பட்டு, சொன்ன பதிலைச் செவிமடுத்தவர் தம் வசதிக்கேற்பச் சுருக்கி எழுதிக்கொண்டதை அனுபவித்தவர்கள் உங்களில் பலர். ஆகவே அந்த மாலைப்பொழுதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1982 ஜூலை 11ஆம் திகதி, இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றபோது சென்ற் கிளேயர் வீதியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் திரண்டனர் என்பது இந்நகரின் புகழ்பெற்ற நினைவு. ஆனால் இத்தாலியருக்கு ஒரு நாடு இருந்தது, கொடியும் இருந்தது. குரோசியருக்கு இருந்ததோ அணி மட்டுமே. அதுவும் நிலைக்கவில்லை. 1979இல் அது ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 'ரொறன்ரோ பிளிசார்ட்' என்று பெயர் மாற்றம் பெற்றது. பனிப்புயலின் பெயரால் எவருக்கும் சங்கடம் இல்லைதானே! பழைய குரோசியக் கழகமோ தன் பெயரோடு மீண்டும் சிறிய மைதானங்களுக்குத் திரும்பியது. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள குரோசியக் கழகங்கள் 1964இல் தொடங்கிய சுற்றுப்போட்டியும் தொடர்ந்து நடைபெற்றது. 1991இல் நாடு பிறந்தபோது, அதற்கு முன்னரே பல ஆண்டுகள் அதன் பெயரைச் சட்டையில் அணிந்து ஓடியவர்கள் இங்கே இருந்தார்கள்.

இதனை வாசிக்கும்போது குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று உங்கள் நாவில் பெயர்கள் வந்திருக்கும். நம் கரையோரக் கிராமங்களில் உதைபந்தாட்டம் வேரூன்றியதற்கு, அமலமரித் தியாகிகள் சபையினர் வளர்த்த பாடசாலைகளுக்கும் ஒரு பங்குண்டு. 1850இல் தொடங்கிய சம்பத்திரிசியார் கல்லூரியிலும், 1907இல் உருவான இளவாலைப் புனித ஹென்றியரசர் கல்லூரியிலும் பந்து உதைத்துப் பழகியவர்கள் தத்தம் ஊர்களில் கழகங்களை வளர்த்தார்கள். கோயில் திருவிழாவும் சுற்றுப்போட்டியும் ஒரே வாரத்தில் வரும். காலையில் கடலுக்குப் போய் வந்தவர்கள் மாலையில் வெறுங்காலோடு ஆடுவார்கள். வென்றால் ஊரே சுமக்கும். தோற்றால் மத்தியஸ்தர் பின்வழியால் சைக்கிளில் தப்பிப் போவார்.

பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையன்று. நம் மைதானங்களில் சாதி பார்க்கப்படவில்லை என்று சிலர் சொல்லுகிறார்கள்; நான் அதனை ஏற்பதில்லை. எந்த ஊரோடு ஆடுவது, எந்த ஊருக்கு ஆடிய பின் தேநீர் எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்பவையெல்லாம் முடிவு செய்யப்பட்டே இருந்தன. ஆட்டம் தொடங்கிய பின்னர் தொண்ணூறு நிமிடங்கள் அது மறக்கப்பட்டது என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

அந்த மைதானங்கள் என்னவாயின என்பதும் நீங்கள் அறிந்ததே. யாழ். துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்த 1999இல் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. நாம் ஆரவாரம் செய்த இடத்தின் அடியில் யாரோ பெற்ற பிள்ளைகள் கிடந்திருக்கிறார்கள். 2016 ஜூன் மாதம் அது இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அங்கே விளக்கு எரிகிறது, புல் வளர்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

குரோசியரின் கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் அது நமக்கு இதமான கதையாக இருந்திருக்கும். ஆனால் இன்னும் ஒரு பகுதி உண்டு.

2022 நவம்பர் 27ஆம் திகதி கட்டாரில் கனடாவும் குரோசியாவும் மோதின. முதல் இரண்டு நிமிடங்களுக்குள் அல்போன்சோ டேவிஸ் கனடாவின் முதலாவது ஆண்கள் உலகக் கிண்ணக் கோலை அடித்ததும், பின்னர் நாம் நான்குக்கு ஒன்று என்று தோற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று கனடாவின் கோல்காப்பாளராக நின்றவர் மிலான் போர்யன். குரோசியாவின் க்னின் நகரில் செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். 1995 ஓகஸ்டில் குரோசியப் படை அந்நகரைக் கைப்பற்றியபோது, செர்பிய மக்கள் உழவு இயந்திரங்களில் பொருள்களை ஏற்றிக்கொண்டு தப்பியோடினர். போர்யனுக்கு அப்போது ஏழு வயது. அவருடைய குடும்பம் பெல்கிறேட் சென்று, பின்னர் நமக்கு அருகிலுள்ள ஹமில்ரனில் குடியேறியது.

அவரைக் கண்டதும் குரோசிய ரசிகர்களில் சிலர் ஒரு பதாகையை உயர்த்தினர். ஓர் உழவு இயந்திர நிறுவனத்தின் விளம்பர வாசகத்தைத் திரித்து, 1995இல் அவர் ஓடியதை எள்ளி நகையாடும் பதாகை அது. பீபா அமைப்பு குரோசியச் சங்கத்துக்கு 50,000 சுவிஸ் பிராங் அபராதம் விதித்தது. தங்கள் பெயரை யாரோ உச்சரிக்க மறுத்ததற்காக நெஞ்சு நொந்த ஒரு மக்களின் பிள்ளைகள்தாம், வீடிழந்த ஒரு சிறுவனைப் பார்த்து அவ்வாறு சிரித்தார்கள்.

1995 என்றதும் உங்கள் நினைவு க்னின் நகருக்குச் செல்லாது. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தப் பெருங்கூட்டத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். நானும் இருந்தேன். உழவு இயந்திரங்கள் அங்கும் இருந்தன. அதைக் குறித்து எவனாவது பதாகை எழுதிச் சிரித்தால் நமக்கு எப்படியிருக்கும்?

ஆனால் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதிக்கு வேறொரு ஆண்டும் உண்டு. 1990. அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள்.

அவர்களுள் ஒருவரை நான் அறிவேன். அவர் ஒரு கோல்காப்பாளர். 1979இல், குருமடத்து விடுமுறையில் நான் எங்கள் ஊர் அணிக்காக ஆடியபோது, என் தண்ட உதையை இடப்பக்கம் பாய்ந்து பிடித்தவர். அன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊரவர்கள் ஆட்டம் முடியும்வரை அவருடைய மதத்தைச் சொல்லி ஏளனம் செய்தார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. உதை தவறிய கோபத்தில் எனக்கு அது இனிமையாகக்கூட இருந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து அவர் வெளியேற்றப்பட்டபோது நான் யாழ்ப்பாணத்தில் இளம் உதவிப் பங்குத்தந்தை. நவம்பர் 2ஆம் திகதி மரித்த விசுவாசிகளின் கல்லறைகளை மந்திரித்தேன். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் மறையுரை ஆற்றினேன். சில தெருக்களுக்கு அப்பால் கதவுகள் திறந்தபடி கிடந்த வீடுகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அச்சம் இருந்தது உண்மை. அச்சம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

2003இல், சமாதான காலத்தில், பணி ஒன்றின் நிமித்தம் புத்தளம் சென்றபோது ஓலைக் கொட்டில்கள் நிறைந்த ஒரு குடியிருப்பில் அவரைக் கண்டேன். முதலில் அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வலப்பக்கம் அடிச்சிருக்க வேணும், பாதர்" என்றார். வீட்டைப் பற்றியோ விட்டுவந்த கடையைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்ப அங்க கோலுக்கு ஆர் நிக்கிறது?"

என்னிடம் விடை இருக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. சீனி குறைவாகப் போட்டுத் தேநீர் தந்தார்.

ஆகவே, அந்தச் சிறுவனின் கேள்விக்கு நான் ஒரு நாட்டின் பெயரையோ ஒரு கழகத்தின் பெயரையோ சொல்லப்போவதில்லை. பெரியவர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். உங்கள் ஊர்க் கழகத்தின் பழைய படங்கள் வீடுகளில் இருந்தால், மங்கியிருந்தாலும் கிழிந்திருந்தாலும், மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அதோடு, உங்களுக்கு எதிராக ஆடியவர்களின் பெயர்களும் நினைவிலிருந்தால் அவற்றையும் எழுதுங்கள். குறிப்பாக உங்கள் உதையைத் தடுத்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவற்றை எவரும் மறப்பதில்லை என்பது என் அனுபவம். என் தாளில் முதற்பெயரை நான் எழுதிவிட்டேன். இளையோர் மன்றத்துப் பிள்ளைகள் அவற்றைத் தொகுக்க இசைந்திருக்கிறார்கள். அந்தச் சிறுவனும் அவர்களோடு சேர்ந்திருக்கிறான்.

இறுதியாக ஓர் அறிவித்தல். ஜூன் 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை குரோசியா ஆடுகிறதாம். புனித அந்தோனியார் நவநாளை வேறு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மாற்றப்படமாட்டாது. மறையுரையை வேண்டுமானால் சுருக்கிக்கொள்கிறேன்.