பையின் இலக்கங்களில் கோலம் தேடல்

வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மாறிலி பை (3.14159…). இது விகிதமுறா எண் என்பதை 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் நிறுவினார். அதன் இலக்கங்கள் முடிவதுமில்லை, ஒரே தொடராக மீண்டும் மீண்டும் வருவதுமில்லை. பாடசாலையில் நாம் எழுதிப் பழகிய 22/7 இரண்டாம் தசமதானம் வரைதான் பொருந்தும். அதற்கு அப்பால் நீளும் வரிசையில் ஒழுங்கையும் சொல்லையும் படத்தையும் தேடுவது உலகெங்கும் கணித ஆர்வலர்கள் விரும்பி ஆடும் விளையாட்டு.

விளையாட்டைத் தொடங்க நெடுந்தூரம் போகவேண்டாம். 13ஆம் தசமதானம் முதல் 30ஆவது வரை இரண்டிரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: 79 32 38 46 26 43 38 32 79. முதல் மூன்று சோடிகள் கடைசியில் தலைகீழ் வரிசையில் திரும்பி வருகின்றன. நடுவிலுள்ள 46, 26, 43 மட்டும் அந்த ஒழுங்குக்குள் அடங்கவில்லை. தமிழ் வாசகருக்கு உடனே மாலைமாற்று நினைவுக்கு வரும். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் அந்த வகையில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஆனால் மாலைமாற்று போன்ற சித்திரகவியில் அமைப்பு புலவரின் திட்டம். பையின் இலக்கங்களை அப்படித் திட்டமிட்டு அடுக்கியவர் எவருமில்லை. 762ஆம் தசமதானத்தில் தொடங்கி ஆறு ஒன்பதுகள் அடுத்தடுத்து வருவதும் அவ்வாறே. இவ்வளவு விரைவில் ஒரே இலக்கம் ஆறு தடவை தொடர்ந்து வர நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு.

இலக்கத்தைச் சொல்லாக்கும் கலை நம் பக்கத்தில் பழையது. கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஓர் இலக்கம் உண்டு. சொல்லைப் பின்னிருந்து வாசித்து எண்ணைப் பெறவேண்டும். மாயாமாளவகௌளை என்ற இராகத்தின் பெயரில் ‘மா’ 5, ‘யா’ 1. திருப்பினால் 15, அந்த மேளகர்த்தாவின் எண். இதே முறையில் கேரளத்துக் கடத்தநாட்டுச் சங்கர வர்மன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமது சத்ரத்னமாலையில் பையை 17 தசமதானம் வரை ஒரு சமஸ்கிருத அடிக்குள் வைத்தார். நினைவாற்றலில் இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. ராஜன் மகாதேவன் 1981இல் மங்களூரில் 31,811 இலக்கங்களை ஒப்புவித்தார். ராஜ்வீர் மீனா 2015 மார்ச் 21 அன்று வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு, பத்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவான நேரத்தில் 70,000 தசமதானங்களைச் சொல்லி முடித்தார்.

பிறந்த நாளைத் தேடுவது பலருக்கும் பிடித்தது. இலக்கங்கள் எழுமாற்றாக வருவன போலவே நடந்துகொண்டால், எட்டு இலக்கத் திகதியொன்று முதல் பத்துக் கோடி தசமதானங்களுக்குள் அகப்பட ஏறத்தாழ 63 வீத வாய்ப்புண்டு. 2022இல் கூகுளின் கணினிகள் கணித்த நூறு இலட்சம் கோடி இலக்கங்களில் அது பத்து இலட்சம் தடவையளவில் வரும். முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் நெஞ்சில் நிற்கும் 18.05.2009ஐத் தேடினாலும் அப்படித்தான். அதற்கு முந்திய நாளும் எவரும் நினைவில் வைத்திராத இன்னொரு நாளும் ஏறத்தாழ அதேயளவு தடவை வரும். ஆகவே அங்கே முன்னறிவித்தலோ விதியோ இல்லை. இருக்கிறதென்று சொல்லி அந்த மக்களின் துயரை எவரும் பயன்படுத்தக்கூடாது.

படம் வரைபவர்களும் இருக்கிறார்கள். மார்ட்டின் கிரிவின்ஸ்கி 2013 முதல் இலக்கத்துக்கொரு நிறம் கொடுத்துப் பை நாள் ஓவியங்களை வெளியிட்டார். ஜொனதன் போர்வைனும் கூட்டாளிகளும் பையை நான்கின் அடியில் எழுதி, 0 வந்தால் வலம், 1 வந்தால் மேல், 2 வந்தால் இடம், 3 வந்தால் கீழ் என ஒவ்வோரடியாக நகர்த்தினார்கள். பத்தாயிரம் கோடி அடிகளில் உருவான அந்தப் படம் கரையுடைந்த தீவுக்கூட்டம் போலிருக்கிறது. அதன் விளிம்புகளில் எவ்வளவு நேரமும் கண்ணை ஓட்டலாம்.

0123456789 என்ற தொடர் பையில் வருமா என்று டச்சுக் கணிதவியலர் புரவுவர் கேட்ட கேள்விக்கு 1997இல் யசுமாசா கனடாவின் கணிப்பு விடை தந்தது: 17,387,594,880ஆம் தசமதானத்தில் வருகிறது. இத்தகைய நீண்ட கணிப்புகளுக்கு வழிகாட்டியது ஈரோட்டில் பிறந்த இராமானுசன் 1914இல் வெளியிட்ட தொடர்கள். முதல் பத்து இலட்சம் தசமதானங்களில் மிகக் குறைவாக வரும் 6 கூட 99,548 தடவை வருகிறது. மிகக் கூடுதலாக வரும் 5, 100,359 தடவை. ஆயினும் பத்து இலக்கங்களும் கடைசிவரை இப்படிச் சமமாகவே வரும் என்பதை இதுவரை எவரும் நிறுவவில்லை.