லாயத்தை மறந்த செல்வம்



பாகான் டத்தோவின் உப்புக்காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் விரைவில் துருப்பிடித்துவிடும். வகுப்பறைக் கதவுக்கு எண்ணெய் இடும்போதெல்லாம் பாண்டியரின் குதிரை லாயங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பாரசீக வளைகுடாவிலிருந்து காயல் துறைக்குக் குதிரைகள் வந்திறங்கின. ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும், கடலில் மாண்ட குதிரைக்கும் அரசு விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். வந்தவற்றை 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்தார்கள். முறையான பயிற்சி இல்லை என்பதும் அவர் கூற்றே.

1290களில் வந்த மார்க்கோ போலோ இன்னும் கடுமையாகக் குறிப்பிடுகிறார். பேணும் முறை அறியாமையால் பெரும்பாலான குதிரைகள் ஓராண்டுக்குள் மடிந்தன. விற்பனை குறைந்துவிடும் என்றஞ்சிய வணிகர்கள், லாடம் கட்டுவோரை அங்கு வரவிடாமல் தடுத்தார்களாம்!

அயலார் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் பாடம் தெளிவானது. வாங்குவது ஒருநாள் வேலை. பேணுவது அன்றாட வேலை. குதிரைக்குக் காற்றோட்டமும், ஈரமற்ற தரையும், உறுதியான தாழ்ப்பாளும், இவற்றைக் கவனிக்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும்.

நம் பள்ளிக்குப் புதிய பொருள் வாங்க நன்கொடை திரட்டும்போது, அதைப் பேணப்போவது யார் என்றும் கேட்போமா?