வாரம்: பக்கமும் பங்கும்

காவிரிப் படுகையின் நில உறவுகளைப் பற்றி எழுதுவோர் பலர், வாரம் என்னும் சொல்லைக் கண்டவுடன் அதனை வாருதல் என்னும் வினையோடு முடிச்சிட்டு, களத்துப் பொலியிலிருந்து மிராசுதார் வாரிக்கொண்டு போனதே வாரம் என்று எழுதிவிடுகின்றனர். நாகப்பட்டினத்து வயல்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு நியாயமாகவே தோன்றும் இவ்விளக்கம், மேடைக்குப் பொருந்துமே அன்றிச் சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தாது. நிலத்துக்கு உரியவர் பெற்றது மேல்வாரம் என்றால் உழுத குடி பெற்றது கீழ்வாரம், அதாவது குடிவாரம்; இருவரும் வாரினர் என்று கொண்டால் விளக்கத்துக்குள் இருந்த குற்றச்சாட்டே கரைந்துபோகிறது. ஏழு நாள் கொண்ட வாரத்தோடு இதனை இணைப்போரும் உளர். கிழமையைக் குறிக்கும் வாரம் வடமொழி வழி வந்த வேறு சொல். குறுவை, சம்பா, தாளடி என்று போகத்துக்கு ஒருமுறை அறுக்கும் நாட்டில் கிழமைதோறும் பங்கு பிரித்தவர் எவர் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

சொல்லின் பிறப்பைக் காண மலைக்கும் வீட்டுக்கும் போக வேண்டும். மலையின் கீழ்ச்சரிவு அடிவாரம். தஞ்சை நாட்டு ஓட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றித் தாழ இறங்கும் கூரைப் பகுதி தாழ்வாரம். இவ்விரண்டிலும் வாரம் என்பது சரிந்து இறங்கும் பக்கம் என்றே பொருள்படுகிறது. தொல்காப்பியர் உரியியலில் வார்தலுக்கு நேர்பும் நெடுமையும் பொருளாகக் கூறியிருப்பதைக் காட்டிச் சிலர் மறுக்கக்கூடும். நீர் வார்ந்து இறங்கும் இடம் நீண்டும் தடையின்றியும் இருப்பதால்தான் சரிவுக்கு அப்பெயர் வந்தது என்பதால் அம்மறுப்பு நிற்காது. அடிவாரம், தாழ்வாரம் என்னும் வார்ப்பிலேயே மேல்வாரம், கீழ்வாரம் என்னும் தொடர்களும் அமைந்துள்ளன. மேல், கீழ் என்னும் இடப்பெயர்கள் ஒரு பக்கத்துக்கு அடைமொழி ஆகலாமே தவிர, ஒரு கிழமைக்கோ ஓர் அள்ளலுக்கோ ஆகமாட்டா.

பக்கம் பங்காவதற்கு முன் இச்சொல் இன்னொரு படியைக் கடந்தது. வாருதல்காரர்கள் காணத் தவறியது இதையே. வாரம் என்பதற்கு அன்பு என்றும், ஒருபால் சாய்தல் என்றும் பொருள்கள் உண்டு. தேவாரத்தில் அன்பு என்னும் பொருளிலேயே இது பயில்கிறது. ஒரு பக்கம் சாய்பவர் அப்பக்கத்தாரிடம் பற்றுடையவர் ஆகிறார். சார் என்னும் அடியிலிருந்து மலைச்சாரலும் பிறந்தது, சார்பும் பிறந்தது. விளிம்பைக் குறிக்கும் ஓரம், வழக்கு மன்றத்தில் ஒருதலையாகப் பேசுவதைக் குறித்தது. அவ்வாறு பேசியவர் வீட்டின் கதியை நல்வழியில் ஒளவையார் மன்றோரம் என்னும் சொல்லைக் கொண்டே கூறினார். வடமொழிப் பட்சமும் தமிழுக்கு வந்து பக்கமாகவும் அன்பாகவும் நின்றது. இவற்றுக்கு எதிரே நிற்கும் அறம் நடுவுநிலைமை. அதுவும் இடத்தைக் குறித்த சொல்லே. (சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தோரிய மடந்தையர் பாடும் வாரம் வேறொரு கிளை, அதற்கு இங்கு இடமில்லை.) பால் என்னும் சொல்லும் பக்கத்தையும் பகுதியையும் ஒருங்கே குறிப்பதால், பக்கம் பங்காதல் தமிழுக்குப் புதிதன்று. பங்கு என்னும் பொருளில் வாரம் மலையாளத்திலும் கன்னடத்திலும் வழங்குவது இப்பொருளின் பழமைக்குச் சான்று.

களத்துச் சொற்களுள் வாரம் மட்டுமே இவ்வாறு அறத்தின் பெயரைச் சுமந்து நிற்கவில்லை. இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்ததைக் கூறும் செப்பேடு, இன்று லெய்டன் செப்பேடு என்று அறியப்படுவது, அவ்வூர் ஆண்டுதோறும் இறுக்க வேண்டிய 8,943 கலத்துக்குச் சற்று மிகுந்த நெல்லைக் காணிக்கடன் என்கிறது. கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். காணி என்பது நிலவுரிமை. கடன் என்பது செய்தே தீர வேண்டிய கடமை. வட்டிக்கு வாங்கிய பணம் என்னும் பொருளில் மட்டும் அச்சொல்லை இன்று அறிந்தோர், அரசுக்கு இறுத்த நெல்லும் முன்னோர்க்கு இறுத்த நீரும் ஒரே பெயரால் வழங்கியதை மறந்துவிடுகின்றனர். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரே இடப்பட்டிருந்தது. அளவில் குறை வைப்பவர் எவரிடம் குறை வைக்கிறார் என்பதை அப்பெயர் சொல்லாமல் சொல்லியது. தச்சர், கொல்லர், வண்ணார், தலையாரி முதலிய ஊர்த் தொழிலாளர்க்குக் களத்தில் அளந்துவிடும் நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர். விடுதலை என்னும் இன்றைய பொருளுக்கு முன், பொலியில் தமக்கென்று உள்ள உரிமையையே அது குறித்தது. அதனையே மேரை என்றும் வழங்கினர். மேரை மரியாதை என்னும் வடசொல்லின் திரிபு, அதாவது மீறக்கூடாத எல்லை.

பொருளியலார் இச்சொற்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு எண்ணிலிருந்து தொடங்குகின்றனர். ஆடம் ஸ்மித் 1776-இல் பிரெஞ்சு நாட்டுப் பாதிவாரக் குடிகளைப் பற்றி எழுதியபோது, விளைச்சலில் பாதி போய்விடும் நிலத்தில் குடியானவர் முதல் போடமாட்டார் என்றார். ஆல்பிரட் மார்ஷல் அதனையே கணித வடிவில் கூறினார். பிரெஞ்சு நாட்டில் அக்குடிகளின் பெயரே பாதி என்னும் பொருளுடையது. வங்காளத்து ஆதியார் என்னும் பெயரும் பாதியைக் குறிப்பது. 1946-இல் அங்கு எழுந்த தேபாகா கிளர்ச்சியின் பெயர் மூன்று பங்கைக் குறித்தது. தமிழிலும் அரசிறைக்கு ஆறில் ஒன்று என்னும் எண் இருந்ததைப் பரிமேலழகர் உரை காட்டுகிறது. ஆனால் களத்து வாரத்துக்கு மட்டும் எண் இல்லை. பக்கம் இன்னது என்று சொல் கூறியது. எவ்வளவு என்பதைக் கூறாமல் விட்டது. அவ்வெற்றிடத்தை வழக்கமும், அச்சமும், சில வேளைகளில் இரக்கமும் நிரப்பின. மேல் என்பது யார் என்பதும் நிலையாக இருக்கவில்லை. அரசின் பங்காக இருந்த மேல்வாரம், மிராசுதாருக்கும் புறக்குடிக்கும் இடையிலான பிரிவினையில் மிராசுதாரின் பங்கானது. மிராசு என்பதே மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல். காணியாட்சி என்னும் தமிழ்ப்பெயரின் இடத்தில் வந்து அமர்ந்தது.

அவ்வெற்றிடத்துக்குள் எண்ணைப் புகுத்தியது சட்டம். இராசாசி அரசு 1952-இல் கொண்டுவந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குடிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு என்று வரையறுத்தது; 1956-இன் நியாயவாரச் சட்டம் அதனைத் திருப்பி, நஞ்சையில் நிலத்துக்கு உரியவர்க்கே ஐந்தில் இரண்டு என்றது; பின்னர் வந்த திருத்தம் அதனையும் நான்கில் ஒன்றாகக் குறைத்தது. நான்கே ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு என்னும் ஒரே எண் கீழ்வாரத்திலிருந்து மேல்வாரத்துக்கு மாறியபோது, மண்ணின் விளைதிறனோ உழைப்பின் அளவோ அவ்வாறு தலைகீழாக மாறிவிடவில்லை. நாட்டின் சாய்வு மாறியது. அச்சாய்வை மாற்றியவர்கள் கீழத் தஞ்சையில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் இயக்கத்தார்.

ஆயினும் வாரத்துக்குப் பக்கங்கள் இரண்டே. உழுது, நட்டு, அறுத்து, போரடித்த பண்ணையாள் மேல்பக்கத்திலும் இல்லை, கீழ்ப்பக்கத்திலும் இல்லை. அவருக்குக் கிடைத்தது கூலி, அதாவது படிக்கணக்கில் அளந்த நெல். சொல்லில் இடம் இல்லாதவர்க்குக் களத்திலும் இடம் இல்லை என்பது 1968 திசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது நாடறியத் தெரிந்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின் பெயர் நியாயக்கூலிச் சட்டம். 1956-இல் வாரத்துக்கு முன் நின்ற நியாயம் என்னும் அடைமொழி, கூலிக்கு முன் வந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆகவே பங்கு முதலில் தோன்றி அதற்கு அறம் பின்னர் ஒட்டப்பட்டது என்போர் வரிசையை மாற்றிச் சொல்கின்றனர். முதலில் பக்கம், அடுத்துச் சாய்வு, அதன் பின்னரே பங்கு என்பதே இச்சொல் நடந்து வந்த வழி. இதை மறுத்து வாருதலிலிருந்தோ விளைச்சல் கணக்கிலிருந்தோ தொடங்க விரும்புவோர், மேல்வாரத்தில் உள்ள மேலுக்கும் அடிவாரத்தில் உள்ள அடிக்கும் முதலில் பொருள் சொல்லட்டும்.