வெறுஞ்சிப்பியின் கணக்கு

கொற்கை முத்தைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசுகிறோம். முத்தில்லாத சிப்பியைப் பற்றி நாம் ஒருமுறையும் பேசியதில்லை. கடலடியிலிருந்து பரதவர் அள்ளி வந்தவற்றுள் பெரும்பான்மை அத்தகையவையே.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள முத்துப் பார்களில் சலாபம் நடத்தலாமா என்பதை ஆங்கிலேய அரசு ஒரு கணக்கைக் கொண்டு முடிவு செய்தது. மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, அகப்பட்ட முத்துகளை மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்பது கட்டுபடியானால்தான் சலாபம். ஏலம் போனதும் திறவாத சிப்பிகளே, ஆயிரக் கணக்கில். மூழ்கியவருக்குக் கூலியும் திறவாச் சிப்பியில் ஒரு பங்கு; உள்ளே ஒன்றுமில்லையெனில் அன்றைய மூச்சு வீண்.

இதே கணக்கை, இதனினும் கொடிய விகிதத்தில், துகள் இயற்பியலார் போட்டு வருகின்றனர். மெசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள். நெடுநேரம் நில்லாது, சிதைந்து வேறு துகள்களாகும். சிதையும் வழிகள் பல. சில வழிகள் அன்றாடம் நிகழ்வன, சில கோடிக்கொருமுறை நிகழ்வன. உவமையை மிக இழுத்தால் அறுந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுவோம்: சிப்பியில் முத்துண்டா என்பது திறக்குமுன்பே தீர்ந்த செய்தி, மெசான் எவ்வழி சிதையும் என்பதோ சிதையும் கணம்வரை தீராதது.

1960களில் மூன்று குவார்க்குகளே அறியப்பட்டிருந்தன. அந்த மூன்றை மட்டும் வைத்துக் கணித்தால், மின்னூட்டமற்ற கேயான் என்னும் மெசான் இரண்டு மியூவான்களாக அடிக்கடி சிதைய வேண்டும். சோதனைகளில் அது தென்படவில்லை. சிப்பிக்குப் பின் சிப்பி, எல்லாம் வெறுமை. 1970இல் கிளாஷோ, இலியோபூலோஸ், மயானி மூவரும் அவ்வெறுமையையே சான்றாகக் கொண்டனர். நான்காவது குவார்க் ஒன்று இருந்தால் அதன் வழி வரும் பங்கு முன்னதைப் பெரும்பாலும் அழித்துவிடும். அதனாலேயே இச்சிதைவு இவ்வளவு அரிது என்றனர். 1974 நவம்பரில் அந்தக் குவார்க்கின் தடயம் அமெரிக்காவில் இரு ஆய்வுக்கூடங்களில் ஒருசேர அகப்பட்டது. கேயானின் அச்சிதைவும் பின்னர் அளக்கப்பட்டது: நூறு கோடிக்கு ஏழு அளவில். ஒன்றைக் காணாமையிலிருந்து மற்றொன்றைக் கண்ட இக்கதை நமக்கு எந்தத் துப்பறியும் நாவலினும் சுவையாயிருக்கிறது.

தேடல் ஓய்ந்துவிடவில்லை. ஜெனீவாவின் செர்ன் கூடத்தில் என்ஏ62 குழுவினர், கேயான் ஒரு பையானும் இரு நியூட்ரினோத் துகள்களுமாகச் சிதைவதை உறுதிப்படுத்தி 2024இல் அறிவித்தனர். பத்தாயிரம் கோடிக்குப் பதின்மூன்று. கோட்பாடு சொல்வது எட்டளவு. அளவீட்டின் பிழை வரம்பு பெரிதாகையால் இரண்டும் முரண்படுகின்றன எனச் சொல்வதற்கில்லை. நியூட்ரினோ கருவியில் தடம் பதிப்பதில்லையாதலால், வெறுஞ்சிப்பியைச் சரியாக ஒதுக்கும் திறமையே இங்கு முழு வேலை.

ஜப்பானின் சுகுபாவில் நடைபெறும் பெல்லே-2 சோதனையில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பங்கேற்கின்றனர். அதன் சிலிக்கான் உணர்கருவியில் ஓரடுக்கு மும்பையாரின் கைவேலை. பி மெசான் ஒரு கேயானும் இரு நியூட்ரினோத் துகள்களுமாகச் சிதைவதற்கு 2023இல் அங்கே முதற்சான்று கிட்டியது. கோட்பாட்டின் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகவே.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதற்குப்பின் பார்களில் சிப்பி போதவில்லை. அன்று வெறுஞ்சிப்பி பெற்றுக் கரையேறியவர் எத்தனை பேர் என்பதை எந்த ஏலக் கணக்கிலும் எழுதவில்லை.