எண்ணூர் ஆஸ்டின், வண்டலூர் ஹெரால்டு, பழவேற்காட்டு அம்பாசிடர்

பழைய கார்களைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் ஒண்ணு மவுண்ட் ரோடு ஷோரூம்ல ஆரம்பிப்பாங்க, இல்லேன்னா பணக்கார வீட்டுக் கார் ஷெட்டுல ஆரம்பிப்பாங்க. நான் கொஞ்சம் வடக்கே போறேன். பொன்னேரியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே வந்தா ரோடு ஏரிக்கரையில போய் முட்டும். அதான் பழவேற்காடு. டச்சுக்காரங்க 1613-ல கெல்ட்ரியா கோட்டை கட்டின ஊர். சுத்தி இருக்கிற குப்பங்கள்ல பல வீடுகளில் படகு உண்டு, கார் கிடையாது. அங்கே போய் காரைத் தேடுவானேன்னு கேக்குறீங்களா?

காரணம் இருக்கு. சொந்தக் கார் இல்லாத ஊர்லதான் ஒரு காரோட உண்மையான ஆயுள் தெரியும். பட்டணத்துல ஒருத்தர் காரை மாத்துறது அலுத்துப் போனதால. குப்பத்துக்கு வந்து சேர்ந்த வண்டி, இனிமே ஓட்டவே முடியாதுங்கிற வரைக்கும் ஓடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஏரியைச் சுத்தியும் சென்னையைச் சுத்தியும் கார் செஞ்ச தொழிற்சாலைகள் நிறைய. ஆனா பக்கத்துல செஞ்ச கார்கள்தான் முதல்ல காணாமப் போச்சு. ரொம்ப தூரத்துல, வங்காளத்துல செஞ்ச ஒரு கார்தான் இந்தப் பக்கம் கடைசி வரைக்கும் நின்னுது. ஏன்? அதைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான கொசுவத்தி, பொறுத்துக்கோங்க.

முதல்ல எண்ணூர். பழவேற்காடு ஏரியும் எண்ணூர் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயால சேர்ந்தது. அந்த எண்ணூர்ல 1948-ல ரகுநந்தன் சரண் தொடங்கின கம்பெனி அசோக் மோட்டார்ஸ். மகன் அசோக் பேரைத்தான் வெச்சார். இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வரும், இங்கே பூட்டுவாங்க. 1949-ல முதல் ஆஸ்டின் ஏ40 வெளியே வந்தது. குண்டா, உருண்டையா, கண்ணை முழிச்சுப் பார்க்கிற மாதிரி ஒரு கார்.

ஆனா கம்பெனி சீக்கிரமே லாரி பக்கம் திரும்பிடுச்சு. 1950-ல லேலண்டோட ஒப்பந்தம், 1955-ல பேரே அசோக் லேலண்ட். இன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னா லாரியும் பஸ்சும்தான் ஞாபகம் வரும். அங்கே கார் பூட்டினாங்கன்னு சொன்னா எண்ணூர்க்காரங்களே நம்ப மாட்டாங்க.

அந்த நேரத்துல டில்லியில ஒரு முடிவு எடுத்தாங்க. 1953-ல சுங்கவரி ஆணையம் சொன்னபடி, வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து வெறுமனே பூட்டி விக்கிறவங்க கடையைக் கட்டணும், இங்கேயே தயாரிக்கிற திட்டம் உள்ளவங்க மட்டும் நிக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ரெண்டும் கிளம்பிப் போனது அப்போதான். கார்னு பார்த்தா பெரிசா மூணு பேர்தான் மிச்சம். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில வால்சந்த் ஹிராசந்த் 1944-ல தொடங்கின பிரீமியர். நம்ம சென்னையில ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ்.

ஆக, நமக்குன்னு சொந்தமா ஒரு கார் கம்பெனி இருந்தது மக்களே! வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. 1961-ல அவங்க கொண்டுவந்ததுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தோட ட்ரையம்ஃப் ஹெரால்டுதான், நம்ம ஊர்ப் பேரோட.

எங்க அம்மா ஊர் பொன்னேரி. அங்கே ஒரு டாக்டர்கிட்ட ஹெரால்டு இருந்தது. பசங்க எல்லாரும் அதைச் சுத்தி நிப்போம். பானெட்டைத் திறந்தா மட்கார்டோட சேர்ந்து முன்பக்கம் முழுசும் அப்படியே முன்னால சாயும், முதலை வாயைத் திறந்த மாதிரி. உள்ளே 948 சிசி எஞ்சின். சக்கரத்து மேலேயே உக்காந்து வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்கு அதைவிட சொர்க்கம் வேற இல்ல.

ஆனா பின்பக்கம் தகராறு. ரெண்டு பின் சக்கரமும் தனித்தனியா மேலும் கீழும் ஆடுற அச்சு. பின்னால நாலு பேரை அமுக்கி உக்கார வெச்சா, சக்கரம் ரெண்டும் காலை அகட்டிட்டு நிக்கும். நம்ம ரோடுக்கும், நம்ம ஜனங்க ஏறுற கணக்குக்கும் அது ஒத்து வரல. கம்பெனியே அதைப் புரிஞ்சுக்கிட்டு, 1972-ல கேஸல்னு ஒரு மாடல் விட்டப்போ பின்னால சாதாரண நேர் அச்சைப் போட்டாங்க. ரொம்ப லேட். கொஞ்சம்தான் வித்தது. 1977-ல கார் செய்யறதையே நிறுத்திட்டாங்க.

மறுபடி 1985-ல ஒரு முயற்சி: ஸ்டாண்டர்ட் 2000. பார்க்க ராஜா மாதிரி. இங்கிலாந்தோட ரோவர் எஸ்டி1 உடம்பு. ஆனா உள்ளே போட்டது பழைய வேன்கார்டு எஞ்சின். பட்டு வேட்டி கட்டிட்டு மாட்டு வண்டியில போன கதை. விலையும் அதிகம். 1988-லயே முடிஞ்சு போச்சு. பிற்பாடு மிச்சம் கிடந்த உதிரி பாகங்களை இங்கிலாந்து ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிட்டுப் போனாங்க. நம்ம வண்டலூர்ச் சரக்கு, வெள்ளைக்காரன் வீட்டுப் பழைய ரோவரை ஓட வைக்கப் போயிடுச்சு. பொன்னேரி டாக்டர் மாதிரி ஆளுங்க ஹெரால்டுக்கு ஒரு சாமான் வேணும்னா புதுப்பேட்டைக் கடைகள்ல அலையணும். ஒரு கார் எப்போ சாகுதுன்னு கேட்டா, தொழிற்சாலை மூடின நாள்லனு சொல்லமாட்டேன். புதுப்பேட்டைக்காரர் "அது இப்ப வர்றதில்லீங்க"னு சொல்ற நாள்லதான்.

சரி, வங்காளத்து ஆளுக்கு வருவோம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல செய்ய ஆரம்பிச்ச அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் வரிசையோட நகல். இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. 1952-ல இங்கிலாந்துல ஆஸ்டினும் மாரிஸும் ஒண்ணாச் சேர்ந்தாங்க. அம்பாசிடர்ல ரொம்ப காலம் ஓடின 1489 சிசி எஞ்சின், ஆஸ்டின் ஏ40 எஞ்சினிலிருந்து வளர்ந்த வம்சம். அதாவது எண்ணூர்ல பூட்டிட்டு நாம மறந்துட்ட காரோட பேரப்பிள்ளை எஞ்சின், உத்தர்பாரா வழியா சுத்திக்கிட்டு பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்துச்சு!

குப்பத்துல அம்பாசிடர் என்ன செஞ்சுதுன்னு கேளுங்க. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அதுலதான். சின்னப் பசங்களை மடியில வெச்சு பத்துப் பேர் ஏறுவாங்க. இறால் யாவாரிக்கு பொன்னேரி பேங்குக்குப் போகணும்னா அதுதான். எல்லாத்துக்கும் மேல, ராத்திரியில பிரசவ வலி எடுத்தா, பாம்பு கடிச்சா, ஏரிக்கு அந்தப் பக்கத்துல இருந்து படகுல கொண்டுவந்து கரையில இறக்கி, டாக்ஸிக்காரரை எழுப்பிக் கிளம்புறது பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்கு. பின் சீட்டு ஒரு கட்டில் மாதிரி அகலம். எங்க பெரியம்மா பொண்ணு பிறந்தது அந்த ரோட்டுல, அந்தப் பின் சீட்டுலதான். "உன்னைப் பெத்தது நான், புள்ளைய வாங்கினது டிரைவர் அண்ணன்"னு பெரியம்மா சொல்லிச் சிரிப்பாங்க.

அந்த வண்டியைப் பார்த்துக்கிட்டவர் ஒரு பாய். பஜார் பக்கம் ஓலைக் கொட்டகைதான் ஷெட். உப்புக் காத்துல இரும்பு என்ன பாடு படும்னு அவர்கிட்டதான் கேக்கணும். கதவோட அடிப்பக்கம், மட்கார்டு ஓரம், மிதிக்கிற தரை, எல்லாம் அப்பளமா உதிரும். பாய் தகரத்தை வெட்டி, வெல்டு வெச்சு, புட்டி பூசி, பெயிண்ட் அடிச்சு அனுப்புவார். "இதுல கம்பெனி தகரம் எவ்வளவு இருக்கு பாய்?"னு ஒரு தடவை கேட்டேன். "நம்பர் பிளேட்டும் ஸ்டியரிங்கும் கம்பெனிது தம்பி, மீதி நம்மது"ன்னார்.

இப்போ என் கேள்விக்கு வர்றேன். வண்டலூர் ஹெரால்டு செத்து, உத்தர்பாரா அம்பாசிடர் பிழைச்சது ஏன்? அம்பாசிடர் நல்ல கார், ஹெரால்டு மோசமான காருங்கிறதால இல்ல. அம்பாசிடரை அரசாங்கம் வாங்கிச்சு, டாக்ஸிக்காரங்க வாங்கினாங்க. எண்ணிக்கை இருந்ததால ஊருக்கு ஊர் சாமான் கிடைச்சுது. சாமான் கிடைச்சதால பாய் மாதிரி ஆளுங்க அதுல கை தேர்ந்தாங்க. மெக்கானிக் இருந்ததால அடுத்த டாக்ஸிக்காரரும் அதையே வாங்கினார். சக்கரம் சுத்திக்கிட்டே இருந்தது. ஹெரால்டுக்கு அந்தச் சக்கரம் சுத்தவே ஆரம்பிக்கல. பம்பாயில பிரீமியர் பத்மினிக்கு டாக்ஸிக்காரங்களால அதே கதை. 2003 அக்டோபர்ல பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸிக்கு, 20 வருஷ வரம்பு முடிஞ்சு 2023 அக்டோபர்ல விடை கொடுத்தாங்க.

அம்பாசிடர் சக்கரம் நின்னது ஒரே நாள்ல இல்ல. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. அது பட்டணத்து விஷயம். அடுத்த வருஷம் வந்த மாருதி வேன், பின்னால ஆம்னின்னு ஆனது, அதுதான் கிராமத்து டாக்ஸிக்காரரை அசைச்சுது. 2005-ல டாடா ஏஸ், நம்ம 'குட்டி யானை', ஐஸ் பெட்டியையும் மீன் கூடையையும் தூக்கிட்டுப் போச்சு. 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. அன்னையோட அம்பாசிடரோட பெரிய வேலை முடிஞ்சுது. 2010-ல சென்னை மாதிரி பெரிய நகரங்களுக்குப் புகை விதி பாரத் ஸ்டேஜ் 4 வந்தப்போ பழைய எஞ்சினுக்கு மூச்சு முட்டுச்சு. 2014 மே மாசம் உத்தர்பாராவில உற்பத்தியை நிறுத்தினாங்க. அதே 2014-லதான் மாருதி 800-க்கும் முடிவு. 2017-ல அம்பாசிடர்ங்கிற பேரை 80 கோடிக்கு ஃபிரான்சு பெஜோ கம்பெனிக்கு வித்தாங்க. 2023 ஏப்ரல் 1-லேர்ந்து 15 வருஷம் தாண்டின அரசாங்க வண்டிகளுக்குப் பதிவு ரத்து. ஆபீஸ் வாசல்ல தூசி படிஞ்சு நின்ன மிச்ச சொச்ச வெள்ளை அம்பாசிடர்களும் கழிவுக்குப் போச்சு.

இன்னொரு வேடிக்கை. பழவேற்காடு இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்துல, அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோட சேர்ந்து 1998-ல லேன்சர் செய்ய ஆரம்பிச்சாங்க. நம்ம மாவட்டத்துக் கார்! அம்பாசிடரைவிட நாப்பது வருஷம் இளசு. எவ்வளவோ நல்ல கார். இன்னைக்கு ரோட்டுல லேன்சர் தேடிப் பாருங்க. பாய்கிட்ட ஒரு தடவை லேன்சர் வந்தது. பானெட்டைத் திறந்து பார்த்துட்டு மரியாதையா மூடிட்டார். "இதுக்கு டப்பா மாட்டிப் படிக்கணும் தம்பி, கையில பிடிச்சுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது." பக்கத்துல செஞ்சதால ஒரு கார் நம்ம கார் ஆயிடாது. நம்ம ஊர்ல ஒருத்தருக்கு அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சாதான் அது நம்ம கார்.

அதுக்காக, அம்பாசிடர் காலமே பொற்காலம்னு கண்ணைக் கசக்கப் போறதில்ல. பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி சாமியைக் கும்பிடணும். புகை கண்ணைக் கரிக்கும். டாக்ஸிக்காரர் வெளியூர் போயிருந்தா பிரசவ வலிக்காரி கதி என்ன? கையில காசில்லாத வீட்டுக்கு அந்தக் கதவு திறந்துச்சான்னும் கேக்கணும். 108 காசு கேக்கறதில்ல, உள்ளே ஆக்சிஜன் இருக்கு. எங்க அக்காவோட பொண்ணு பிரசவத்துக்கு அதுலதான் போனா. பெரியம்மாவே சொன்னாங்க, "எனக்கு இது இருந்திருந்தா நான் இப்படி பயந்திருக்க மாட்டேன்"னு. அதுக்கு மேல நான் பேச என்ன இருக்கு?

ஆனா ஒண்ணு மட்டும் போயிடுச்சு, அதைச் சொல்லித்தான் ஆகணும். உப்புல உதிர்ந்த வண்டியை ஒரு ஓலைக் கொட்டகைக்குள்ள வெச்சு மறுபடி ஓட வைக்கிற கை. பாயோட பையன் இப்போ ஃபைபர் படகுக்கு மோட்டார் ரிப்பேர் பண்றான். நல்லாவே சம்பாதிக்கிறான். அப்பா தகரத்துல செஞ்சதை அவன் வேற சாமான்ல செய்யறான்னு வேணா சொல்லிக்கலாம். அம்பாசிடர் கதவுக்கு அடித்தகரம் வெட்டத் தெரிஞ்ச ஆள் அந்த பஜார்ல இப்போ யாருமில்ல.

இன்னைக்கு அதே எண்ணூர்ல, ஆஸ்டின் பூட்டின ஊர்ல, காமராஜர் துறைமுகம் வழியா புதுக் கார்கள் வரிசையா கப்பலேறுது. அதுல எது ஐம்பது வருஷம் கழிச்சு ஏதோ ஒரு நாட்டுல, ஏதோ ஒரு கடலோரக் குப்பத்துல, ஒரு பாய் கையால ஓடிக்கிட்டிருக்கும்? எனக்கென்னவோ ஒண்ணு கூட இருக்காதுன்னுதான் தோணுது.

உங்க ஊர்ல கடைசியா ஓடின அம்பாசிடர், ஹெரால்டு, பத்மினி எது? அதைப் பார்த்துக்கிட்ட மெக்கானிக் யாரு? ஞாபகம் இருக்கிறவங்க சொல்லிட்டுப் போங்க.